சொல்லாமல் திரும்பியவன்

நண்பர்களே, ஒரு கைகுலுக்கலிலிருந்து தொடங்குகிறேன். ஒரு பிரெஞ்சு நாடகம்: பல ஆண்டுகள் கழித்து ஒருவன் வீட்டுக்கு வருகிறான். பெயர் லூயி, வயது 34. தம்பி மனைவியை அவன் பார்த்ததே இல்லை. இருவரும் கைகுலுக்கப் போகும்போது தங்கை குறுக்கே விழுகிறாள்: இதென்ன, அந்நியர்களைப் போல! பிரெஞ்சுக் குடும்பங்களில் கன்னத்தோடு கன்னம் வைத்துத்தான் வரவேற்பார்கள். அந்த ஒரு நொடியில் வீட்டின் நிலைமை நமக்குப் புரிந்துவிடுகிறது. தன் சாவு நெருங்கிவிட்டது என்று சொல்லத்தான் லூயி வந்திருக்கிறான். சொல்லாமலே திரும்பிப் போகிறான்.

‘உலகத்தின் முடிவுதான், வேறொன்றுமில்லை’ என்று நான் தமிழில் சொல்லிப் பார்க்கும் அந்த நாடகத்தை எழுதியவர் ழான்-லுக் லகார்ஸ். 1957 பிப்ரவரி 14 அன்று கிழக்குப் பிரான்சில் பிறந்தவர். பெற்றோர் பெஜோ கார்த் தொழிற்சாலைத் தொழிலாளர்கள். பெசான்சோன் நகரில் தத்துவம் படிக்கப் போனவர், அங்கே நாடகப் பள்ளித் தோழர்களோடு ஒரு குழுவைத் தொடங்கினார். குழுவின் பெயர் ‘ருலோத்’. ஊர் ஊராகப் போகும் கூண்டு வண்டி என்று பொருள். பெயருக்கேற்ற பிழைப்புதான்.

ஊர் அவரை இயக்குநராகத்தான் கொண்டாடியது. 1991-இல் நாடகாசிரியர் இயொனெஸ்கோவின் ‘வழுக்கைத் தலைப் பாடகி’யை மேடையேற்றினார், நல்ல வரவேற்பு. ஒரு வேடிக்கை பாருங்கள்: பாரிஸின் உஷேத் அரங்கில் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கும் அதே நாடகம் அங்கே நிலைகொண்டது 1957 பிப்ரவரி 16 அன்று. லகார்ஸ் அப்போது இரண்டு நாள் குழந்தை!

சொந்த நாடகங்களின் கதை வேறு. தொடக்கத்தில் சில மேடையேறின, வானொலியில் வந்தன. ஆனால் எய்ட்ஸ் கிருமி தன் உடலில் இருப்பது 1988-இல் தெரிந்த பிறகு, 1990-இல் பெர்லினில் உட்கார்ந்து எழுதிய லூயியின் கதையை எந்த அரங்கும் ஏற்கவில்லை. மனம் விட்டுப்போய் இரண்டு ஆண்டுகள் நாடகம் எழுதுவதையே நிறுத்திவிட்டார்.

பிரதியைப் படித்துவிட்டு வேண்டாம் என்ற அரங்குகளைத் திட்டுவது எளிது. ஆனால் நாடகத்தின் மொழி அப்படி. ‘நான் வந்தேன், வருகிறேன், வந்திருக்க வேண்டும்’ என்ற பாணியில் ஒவ்வொருவரும் சொன்னதையே திருத்தித் திருத்திப் பேசுவார்கள். தாளில் படித்தால் அலுப்பு. நடிகர் வாய்விட்டுச் சொல்லும்போதுதான், அந்தத் திருத்தங்களுக்குள் ஓர் ஆள் ஒளிந்துகொண்டிருப்பது தெரியும்.

1995 செப்டம்பர் 30 அன்று, 38 வயதில் போய்ச் சேர்ந்தார். லூயியை அவர் மேடையில் பார்க்கவே இல்லை. நண்பர் பிரான்சுவா பெரேரோடு சேர்ந்து 1992-இல் தொடங்கிய பதிப்பகம்தான் பிரதிகளைக் காப்பாற்றியது. 2008-இல் பிரான்சின் தேசிய நாடக அரங்கான கொமெதி-பிரான்சேஸ் லூயிக்குக் கதவைத் திறந்தது. 2016-இல் அது திரைப்படமாகி கான் விழாவில் கிராண்ட் பிரி பரிசு வாங்கியது. பிறகு சில ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகள் தேர்வுக்கு அதைப் படித்தார்கள்.

அந்த நாடகத்தின் கடைசிப் பேச்சு லூயியுடையது. தென் பிரான்சில் ஓரிரவு, பள்ளத்தாக்கைக் கடக்கும் ரயில் பாலத்தின் மேல் தனியாக நடக்கிறான். அங்கே நின்று பள்ளத்தாக்கு முழுவதும் எதிரொலிக்கும்படி ஒரு கூச்சல் போட வேண்டும் என்று தோன்றுகிறது. போடவில்லை. சரளைக்கல்லில் தன் காலடிச் சத்தம் மட்டும் கேட்க, மேலே நடக்கிறான்.