ஆற்றில் போட்டாலும் அளந்து போடு: செப்சிஸ் நோயாளிக்கு நரம்பு வழி வைட்டமின்

தலைமை ஏற்றிருக்கும் மூத்த பேராசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களே, வரவேற்புரை வழங்கிய செவிலியர் பள்ளி முதல்வர் அம்மையார் அவர்களே, வாழ்த்துரை வழங்கிய மருந்தியல் துறைத் தலைவர் அவர்களே, நன்றியுரைக்காகக் கடைசிவரை காத்திருக்கும் இளம் மருத்துவர் அவர்களே, ஆய்வுக்கூடத் தோழர்களே, இரவுப் பணி முடித்து வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கு வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் செவிலியர் சகோதரிகளே, நோயாளிகளின் உறவினராக வந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். தலைவர் ஐயா எனக்கு முன்னால் பேசியதில் பாதியை நான் சொல்ல நினைத்திருந்தேன். அவர் சொன்னதே சிறப்பு. மீதியை நான் சொல்கிறேன்.

அழைப்பிதழில் நான்கு செய்திகள் போட்டிருக்கிறார்கள். வைட்டமின் சி, வைட்டமின் பி1, வைட்டமின் டி, பிறகு தீவிர சிகிச்சை நோயாளியின் உணவு. நான்குக்கும் சேர்த்து என்னிடம் இருப்பது ஒரே பழமொழி: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. ஆனால் இன்று முதல் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ரத்த ஓட்டத்தைவிடப் பெரிய ஆறு உடம்பில் வேறு இல்லை. நரம்பில் ஏற்றுவது என்று நாம் சொல்கிறோமே, அது உண்மையில் சிரை. அதில் போட்ட மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். நுரையீரலிலோ சிறுநீர்ப் பாதையிலோ வயிற்றிலோ தொடங்கிய தொற்றுக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு தறிகெட்டுப் போய், தன் உறுப்புகளையே தாக்கும் நிலைதான் செப்சிஸ். 'ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது' என்று வார்டில் சொல்வார்கள். ரத்தத்தில் கிருமி வளராத நோயாளிக்கும் செப்சிஸ் வரும். 2017ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் ஏறத்தாழ 4 கோடியே 89 லட்சம் பேருக்கு இது வந்தது, 1 கோடியே 10 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது கணக்கீடு. இவ்வளவு பேரைக் கொண்டுபோகிற நோய்க்கு ஒரு சின்ன ஆம்ப்யூலில் மருந்து இருக்கிறது என்று யாராவது சொன்னால் காது கொடுக்காமல் இருக்க முடியுமா?

அப்படிச் சொன்னதில் நியாயமும் இருந்தது. பெரும்பாலான விலங்குகள் தங்களுக்கு வேண்டிய வைட்டமின் சியைத் தாங்களே செய்துகொள்கின்றன. மனிதனுக்கு அதற்கான கடைசி நொதி வேலை செய்வதில்லை. செப்சிஸ் வந்தவரின் ரத்தத்தில் இதன் அளவு மளமளவென்று இறங்குகிறது. லிட்டருக்கு 23 மைக்ரோமோலுக்குக் கீழே போனால் குறைவு, 11க்குக் கீழே போனால் ஸ்கர்வி என்ற வைட்டமின் சி குறை நோய் வரும் அளவுக்குப் பற்றாக்குறை. ரத்த அழுத்தத்தைத் தாங்கும் நார்அட்ரினலினை உடம்பு தானே செய்துகொள்ளவும் இந்த வைட்டமின் வேண்டும். வாய் வழியாகக் கொடுக்கலாமே என்றால், 1 கிராமுக்கு மேல் விழுங்கினால் பாதிகூட உள்ளே ஏறாது. குடல் ஒரு அளவுக்கு மேல் வாங்குவதில்லை. அதனால்தான் நரம்பு வழி.

இந்த இடத்தில் ஒரு கப்பல் கதையைச் சொல்லியாக வேண்டும். 1747ஆம் ஆண்டு மே மாதம். சாலிஸ்பரி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் கடலில் நிற்கிறது. ஈறு அழுகி, கால் வீங்கி, எழுந்து நிற்க முடியாமல் மாலுமிகள் ஸ்கர்வியில் சுருண்டு கிடக்கிறார்கள். கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் என்ன செய்தார் தெரியுமா? ஆளுக்கொரு மருந்தைக் கொடுத்துக் கடவுள்மேல் பாரத்தைப் போடவில்லை. கூடியவரை ஒரே மாதிரி நோய்நிலையில் இருந்த 12 பேரைப் பொறுக்கி எடுத்தார். ஒரே இடத்தில் படுக்க வைத்தார். ஒரே கஞ்சி, ஒரே சாப்பாடு. பிறகு இரண்டிரண்டு பேராக ஆறு ஜோடி பிரித்தார். முதல் ஜோடிக்கு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் ஆப்பிள் மது. இரண்டாவது ஜோடிக்குக் கந்தக அமிலம் சேர்ந்த திரவம் 25 சொட்டு, மூன்று வேளை. அடுத்த ஜோடிக்கு வினிகர். அதற்கடுத்த ஜோடியின் பாட்டைக் கேளுங்கள்: தினமும் ஏறத்தாழ கால் லிட்டர் கடல்நீர்! ஒரு ஜோடிக்கு இரண்டு ஆரஞ்சும் ஒரு எலுமிச்சையும். கடைசி ஜோடிக்குப் பூண்டும் கடுகும் சேர்த்து அரைத்த லேகியம். ஆறு நாளில் பழம் தீர்ந்துபோயிற்று. தீர்வதற்குள் பழம் சாப்பிட்டவர்களில் ஒருவர் வேலைக்குத் திரும்பத் தகுதியாகிவிட்டார். இன்னொருவர் நன்றாகத் தேறி, மற்ற நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பணியில் அமர்த்தப்பட்டார். கடல்நீர் குடித்தவர்கள் கிடந்த இடத்திலேயே கிடந்தார்கள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். லிண்ட் 1753இல் புத்தகம் எழுதினார். கடற்படைத் தலைமை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்க முடிவெடுத்தது 1795இல். இடையில் 42 ஆண்டுகள் ஓடிவிட்டன. அது மட்டுமில்லை. நீண்ட பயணத்துக்குக் கெடாமல் இருக்கட்டும் என்று சாற்றைச் சூடாக்கிச் சுண்டவைத்து எடுத்துப்போகும் முறையை லிண்டே பரிந்துரைத்தார். சூட்டில் வைட்டமின் பெரும்பகுதி போய்விட்டது. பழத்தைச் சரியாக அளந்தவர் சுண்டிய சாற்றை அப்படி இரண்டிரண்டு பேராக வைத்து அளந்து பார்க்கவில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு!

270 ஆண்டுகள் கழித்து, 2017இல், அமெரிக்காவின் நார்ஃபோக் நகரிலிருந்து பால் மாரிக் என்ற மருத்துவரின் குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. 6 மணி நேரத்துக்கு ஒரு முறை 1.5 கிராம் வைட்டமின் சி, 6 மணி நேரத்துக்கு ஒரு முறை 50 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு, 12 மணி நேரத்துக்கு ஒரு முறை 200 மில்லிகிராம் தயமின், அதாவது வைட்டமின் பி1. இதைப் பெற்ற 47 பேரில் இறந்தவர்கள் 4 பேர். அதற்கு முந்தைய மாதங்களில் இதைப் பெறாத 47 பேரில் இறந்தவர்கள் 19 பேர். உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆனால் அந்த இரண்டு கூட்டமும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவை அல்ல. ஒன்று முன்னே, ஒன்று பின்னே. நடுவில் வார்டில் வேறு என்னென்ன மாறியது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. லிண்டின் ஆறு ஜோடியில் இருந்த ஒழுங்கு இதில் இல்லை.

பிறகு ஒழுங்காக அளந்தார்கள். 2019இல் வைட்டமின் சி மட்டும் கொடுத்து 167 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் உறுப்புச் செயலிழப்பு மதிப்பெண்ணில் இரு பக்கத்துக்கும் வேறுபாடு இல்லை. இறப்பு மட்டும் 46.3 விழுக்காட்டிலிருந்து 29.8 ஆகக் குறைந்தது போலத் தெரிந்தது. அது துணைக் கேள்விகள் 46இல் ஒன்று. அத்தனை கேள்வி கேட்டால் ஒன்றிரண்டு தற்செயலாகவே நல்ல பதில் தரும். 2020இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரேசில் மருத்துவமனைகளில் 216 பேரிடம் நடந்தது இன்னும் கூர்மையான ஆய்வு. இரண்டு பக்கமும் ஹைட்ரோகார்டிசோன், ஒரு பக்கம் மட்டும் வைட்டமின்கள். முதல் 7 நாளில் ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்து இல்லாமல் உயிரோடு இருந்த நேரம் ஒரு பக்கம் 122.1 மணி, மறுபக்கம் 124.6 மணி. வேறுபாடு இல்லை. கடைசியாக 2022இல் லோவிட் ஆய்வு, 872 பேர். கிலோவுக்கு 50 மில்லிகிராம் வைட்டமின் சி, 6 மணி நேரத்துக்கு ஒரு முறை, அதிகபட்சம் 96 மணி நேரம். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்கு 12 கிராம். 28ஆம் நாளில் இறந்தவர்களும் உறுப்பு தேறாமல் கிடந்தவர்களும் வைட்டமின் பெற்ற பக்கம் 44.5 விழுக்காடு, பெறாத பக்கம் 38.5. பயனில்லை என்பதைத் தாண்டி, கெடுதல் பக்கம் சாய்ந்தது தராசு. 2021இல் வந்த உலக செப்சிஸ் வழிகாட்டி நெறியும் நரம்பு வழி வைட்டமின் சி வேண்டாம் என்றே பரிந்துரைத்தது.

அப்படியிருந்தும் சில இடங்களில் இது எழுதப்படுகிறது என்பதால், ஏற்ற நேரும் செவிலியர்களுக்காக நடைமுறையைச் சொல்கிறேன். நேரடியாகத் தள்ளக்கூடாது. வேகமாகப் போனால் தலைசுற்றி மயக்கம் வரும். 1.5 கிராம் என்றால் 100 மில்லி சலைனிலோ 5 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸிலோ கலந்து 30 முதல் 60 நிமிடத்தில் போகட்டும். வெளிச்சம் படாமல் மூடி வையுங்கள். தொடங்குமுன் சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதியில் குறைபாடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சிவப்பணுக்கள் உடையும். சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்தவருக்கு ஆக்சலேட் படிகம் படிந்து மேலும் கெடும்.

எல்லாவற்றையும்விட ஆபத்து விரல் நுனியில் இருக்கிறது. குளுக்கோமீட்டர் பட்டையில் குளுக்கோஸ் தரும் மின்னோட்டத்தைத்தான் கருவி எண்ணாகக் காட்டுகிறது. வைட்டமின் சியும் அதே பட்டையில் மின்னோட்டம் தரும். பல கருவிகளுக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. உண்மையில் சர்க்கரை 60 இருக்கும்போது கருவி 200க்கு மேல் காட்டலாம். அதைப் பார்த்து இன்சுலின் போடுவார்கள். நோயாளி மயக்க மருந்தில் இருப்பதால் வியர்வை, நடுக்கம் எதுவும் வெளியே தெரியாது. மூளை சர்க்கரையில்லாமல் காய்ந்துகொண்டிருக்கும். ஆகவே ஏற்றும் நாட்களிலும் நிறுத்திய பின் 24 மணி நேரமாவதும் விரல் ரத்தத்தை நம்பாதீர்கள். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி ஹெக்சோகைனேஸ் என்ற நொதி முறையில் பாருங்கள். சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு இன்னும் அதிக நாள். ஆய்வுக்கூடத் தோழர்களே, அந்தக் குழாய் வந்தால் வரிசையில் முன்னால் எடுத்துக்கொள்ளுங்கள், அம்மா, ஐயா, கேட்டுக்கொள்கிறேன்.

தயமின் கதை வேறு. சர்க்கரையை எரிக்கும் பாதையில், சர்க்கரை உடைந்து வரும் பைருவேட்டை உள்ளே விடும் கதவுக்கு இதுதான் சாவி. சாவி இல்லையென்றால் பைருவேட் லாக்டேட் என்ற பொருளாகத் திரும்பும். ஆக்சிஜன் இருந்தும் லாக்டேட் ஏறும். 2016இல் வெளியான, 88 பேரிடம் நடந்த ஆய்வில், எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் லாக்டேட்டில் வேறுபாடு இல்லை. பற்றாக்குறையோடு வந்த ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரிடம் மட்டும் குறைந்தது. எனவே நீண்டநாள் பட்டினி, மதுப் பழக்கம், ஓயாத வாந்தி, டயாலிசிஸ் உள்ளவருக்கும், தொற்று அடங்கியும் லாக்டேட் இறங்காதவருக்கும் 200 மில்லிகிராம் 50 மில்லி சலைனில் அரை மணி நேரத்தில் கொடுப்பது நியாயம். அதுவும் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் அல்லது கூடவே. பற்றாக்குறை உள்ளவருக்கு வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மிச்சமிருக்கும் தயமினும் கரைந்து, கண் நிலைகொள்ளாமல் புத்தி தடுமாறும்.

இந்தப் பழமொழியை அளவுக்கு மட்டும் சொன்னதாக நினைக்காதீர்கள். இந்த நோயில் அளக்க வேண்டிய முதல் பொருள் நேரம். அதைத்தான் யாரும் அளப்பதில்லை. என் மனக்குறை அதுதான், இந்த மேடைக்கு வந்ததும் அதற்குத்தான்.

செப்சிஸில் ரத்த அழுத்தம் விழுந்து அதிர்ச்சி நிலையில் வந்தவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ரத்தத்தில் இருக்க வேண்டும். ஆணை எழுதிய நேரம் கணக்கில்லை, மருந்து உள்ளே போன நேரம்தான் கணக்கு. எங்கே தாமதமாகிறது? ஸ்கேன் எடுத்துவிட்டு வரட்டும் என்று காத்திருப்பதில். மருந்தகத்திலிருந்து வர வேண்டியதில். கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சருக்கு நரம்பு கிடைக்காமல் குத்திக்கொண்டே இருப்பதில். கல்ச்சர் மருந்துக்கு முன்னால் எடுக்க வேண்டும், பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி, இரண்டு செட். ஆனால் 45 நிமிடத்துக்கு மேல் அதற்காக மருந்தைத் தள்ளிப் போடக்கூடாது. இரண்டு மருந்து எழுதியிருந்தால் மெரோபெனம் போன்றதை முதலில் கொடுங்கள், 5 நிமிடத்தில் போய்விடும். வான்கோமைசின் ஒரு மணி நேரம் ஓடும். அதை முதலில் மாட்டினால் மற்றது வாசலில் நிற்கும். சிறுநீரகம் கெட்டிருந்தாலும் முதல் டோஸ் முழு டோஸ். இரண்டாவது டோஸ் அடுத்த வார்டுக்கு மாற்றும்போது காணாமல் போகிறது, அதையும் கவனியுங்கள். ரத்த அழுத்தம் விழுந்திருந்தால் கிலோவுக்கு 30 மில்லி சலைன் வகைத் திரவம், முதல் 3 மணி நேரத்துக்குள். 60 கிலோவுக்கு 1800 மில்லி. அதிலும் ஏறாவிட்டால் கழுத்தில் குழாய் போடும்வரை காத்திராமல் கையிலேயே நார்அட்ரினலின் தொடங்கி, சராசரி அழுத்தத்தை 65இல் நிலைநிறுத்துங்கள்.

உறவினராக வந்திருக்கும் பெரியோர்களே, மூச்சு நிமிடத்துக்கு 22 அல்லது அதற்கு மேல், பேச்சில் குழப்பம், சிறுநீர் குறைவு, கை கால் சில்லிட்டுத் திட்டுத்திட்டாக நிறம் மாறுவது, இவற்றைப் பார்த்தால் காய்ச்சல் இல்லையே என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். முதியவருக்குக் காய்ச்சலே வராமல் உடம்பு குளிர்ந்தும் போகும். 'வைட்டமின் டிரிப்ஸ் ஏற்றினீர்களா' என்று கேட்பதற்கு முன்னால் 'முதல் ஆன்டிபயாடிக் எத்தனை மணிக்குப் போனது' என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குக் கோபப்படுகிற மருத்துவர் இந்த அவையில் யாரும் இல்லை என்று நம்புகிறேன்.

கண்காணிப்பாளர் அவர்களிடம் இந்த மேடையிலேயே ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில், வலது மேல் மூலையில், ஒரு கட்டம். அதில் மூன்று வரி. வந்த நேரம். கல்ச்சர் எடுத்த நேரம். மருந்து உள்ளே போன நேரம். மூன்றாவது வரியை ஆணை எழுதியவர் நிரப்பக்கூடாது, மருந்தைச் செலுத்திய செவிலியர் தன் கையால் எழுதிக் கையொப்பமிட வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை அந்த நிமிடங்களைக் கூட்டி அவசரப் பிரிவுச் சுவரில் ஒட்டுங்கள். செலவு ஒரு ரப்பர் முத்திரை. அச்சடித்த தாள் தீரும்வரை காத்திருக்க வேண்டாம், முத்திரையை நாளைக் காலைப் பணிக்கே எடுத்துவிடலாம்.

இதுவரை பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும், பேச வாய்ப்பளித்த தலைவர் ஐயா அவர்களுக்கும் நன்றி, வணக்கம்.