சிவகாசியில் கட்டுகிற வரி சிவகாசிக்கா?

எல்லோருக்கும் வணக்கம். இந்த ஊரில் வரியைப் பற்றிப் பேசினால் பாதிப்பேர் பட்டாசைத்தான் நினைப்பீர்கள், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். இந்த அக்டோபர் ஜிஎஸ்டி வசூலைப் போன அக்டோபரோடு வைத்து ‘ஏறிப்போச்சு, இறங்கிப்போச்சு’ என்று பேசுகிறோமே, அதை முதலில் விடுங்கள். தீபாவளி 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. போதாததற்கு, வெளிமாநில டீலருக்கு லோடு ஏறுவது பண்டிகைக்கு எத்தனையோ வாரம் முந்தி, அந்த பில்லுக்கான வரியை மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறவர் கட்டுவது அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள். ஆகஸ்டில் போன சரக்கு செப்டம்பர் வசூலில் வந்து நிற்கும். இங்கே அச்சாகும் காலண்டருக்கு வேறு கணக்கு: ஆடிப்பெருக்குக்கு மாதிரி ஆல்பம் போட்டு ஆர்டர் பிடிக்க ஆரம்பித்தால் கடைசி கட்டு கைமாற டிசம்பர் ஆகிவிடும். பேசுவதென்றால் 12 மாதத்தையும் சேர்த்துத்தான் பேசணும்.

சதவீதமும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. ஜிஎஸ்டி வந்த புதிதில் பட்டாசுக்கு 28, பிறகு 18. பழைய தொகையே வரவேண்டுமென்றால் விற்பனை பாதிக்கு மேல் கூடியாக வேண்டும். வசூல் குறைந்ததாலேயே வியாபாரம் படுத்துவிட்டது என்று சொல்ல முடியாது.

இன்னொன்று, நம்ம பஜாரில் கிளை போட்டிருக்கும் பெரிய கடைகள். ஒரு மாநிலத்துக்குள் ஒரே பதிவு போதும் என்பதால் தலைமையிடம் சென்னையில் இருந்தால் இங்கே விற்ற சேலைக்கும் வரி அந்தக் கணக்கில்தான் ஏறும். நம்ம ஊர்க் கணக்கில் அது தெரியவே தெரியாது.

சரி, வசூல் நிஜமாகவே கூடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். யாருக்கு? பொது விற்பனை வரியை 1939இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி அரசு கொண்டுவந்தது, மதுவிலக்கால் விட்ட வருமானத்தை ஈடுகட்டத்தான். பின்னாளில் மத்திய விற்பனை வரி வந்தபோதும், வெளிமாநிலத்துக்குப் போன சரக்கின் வரி, கடைசியில் 2 சதவீதமாகச் சுருங்கினாலும், சரக்கு கிளம்பிய மாநிலத்துக்கே கிடைத்தது. 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து அது தலைகீழ். இங்கே செய்த வெடியை நாக்பூரில் வாங்கினால் மாநிலப் பங்கு மகாராஷ்டிராவுக்கு. மருந்துத் தூசியும் விபத்தும் நமக்கு, வரி வெடிக்கிற ஊருக்கு! இதை அநியாயம் என்றுதான் நான் சொல்வேன், வாங்குகிறவன்தானே வரி கட்டுகிறான் என்ற எதிர்வாதத்திலும் நியாயம் இல்லாமலில்லை.

தமிழ்நாட்டுக்கு வருவதும் மாநகராட்சிக்கு நேராக வராது. 2021இல் திருத்தங்கலையும் சேர்த்து மாநகராட்சி ஆனோம், ஆனால் சொந்தக் கை வருமானம் என்றால் சொத்து வரி, தொழில் வரி, கட்டணங்கள், இவ்வளவுதான். மாநில நிதி ஆணையம் வழியாக வரும் பங்கும் மக்கள்தொகை மாதிரி விஷயங்களைப் பார்த்துப் பிரிக்கப்படுவது. கலிபோர்னியாவில் விற்பனை வரியாக வாங்குவதில், விலையில் 1 சதவீதம் அளவுக்கு, விற்பனை நடந்த இடத்து உள்ளாட்சிக்கே போகிறது. அதிலும் வம்பு உண்டு, கார் ஷோரூம் எங்கள் ஊருக்கு வேண்டும் என்று பக்கத்துப் பக்கத்து நகரங்கள் அடித்துக்கொள்கின்றன. அதை அப்படியே கேட்க வேண்டாம். உற்பத்தி நடக்கிற ஊர்களுக்கு, லாரி ஓடித் தேயும் சாலைக்காவது, மாநிலப் பங்கிலிருந்து தனியாக ஒரு தொகை ஒதுக்கச் சொல்லிச் சங்கங்கள் சேர்ந்து மனு கொடுக்கலாம்.

காம்போசிஷன், அதாவது சிறு வியாபாரிகள் மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டிவிடும் திட்டம், அதைப் பற்றி யாரோ சீட்டு அனுப்பியிருக்கிறார்கள், முதலில் அதை எடுத்துக்கொள்கிறேன்.