பச்சைச் சட்டை

(மலேசியாவின் பினாங்கு மாநிலம் ஜார்ஜ்டவுனில் பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை; ‘டத்தோ’ என்பது அந்நாட்டில் வழங்கப்படும் பட்டம்)

அவைத்தலைவர் அவர்களே, ஆயிரம் வேலைகளுக்கு நடுவே வந்திருக்கும் டத்தோ அவர்களே, தலைமையாசிரியை அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திவிட்டுத் தாம் வியர்த்துக்கொண்டிருக்கும் செயலாளர் அவர்களே, தேநீர் மேசைக்கு அருகே இடம்பிடித்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

மூன்று செய்திகள் சொல்வேன் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். முதலாவது இது: ஓடும் பொருளின் நிறத்தை ஆராய மூளையில் வி4 என்ற பகுதி பெரிதும் உதவுகிறது, அசைவுக்கு வி5. இரண்டையும் சேர்த்துவைப்பது எது? கவனம்தான் என்றார் ஆன் டிரீஸ்மன் என்ற உளவியலாளர், 1980இல். கவனம் சிதறினால் ஒன்றின் நிறம் இன்னொன்றின் உருவத்தோடு ஒட்டிக்கொள்ளும். வண்ண எழுத்துகளைக் கண்ணிமைக்கும் நேரம் காட்டிய சோதனைகளில் அப்படியே நடந்தது. கண்ணால் கண்டதும் பொய்!

என் பாட்டியே சாட்சி. ஒரு தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில், தேங்காய் உடைக்கும் நெரிசலில், தம்பியின் கை நழுவிவிட்டது. அவனுக்குப் பச்சைச் சட்டை. "அதோ ஓடுகிறான்!" என்று பாட்டி பாய்ந்து ஒருவனைப் பிடித்து முதுகில் ஒன்று வைத்தார். திரும்பினான்; சீனப் பையன். சட்டையோ நீலம்! நம் பையன் பக்கத்துத் தண்ணீர்ப் பந்தலில் ஆடாமல் அசையாமல் மோர் குடித்துக்கொண்டிருந்தான். இவனுடைய பச்சையையும் அவனுடைய ஓட்டத்தையும் பாட்டியின் கண் முடிச்சுப்போட்டுவிட்டது. அந்தப் பையனின் தாயார் கையிலும் உடைக்கத் தேங்காய் இருந்தது. அவர் சிரித்த சிரிப்பில் பாட்டிக்கு வெட்கம் தாளவில்லை. பையன் நெற்றியில் திருநீறு பூசி அனுப்பினார்.

இரண்டாவது, ஓரப்பார்வை. 2004இல் வந்த ஓர் ஆய்வு: திரையின் நடுவில் சிவப்புப் புள்ளிகள் மேலே போகும், பச்சை கீழே வரும், ஓரங்களில் நேர்மாறு. நடுவையே பார்த்திருந்தவர்களுக்கு ஓரத்திலும் பெரும்பாலும் நடுவில் போலவே தெரிந்தது.

டத்தோ அவர்களே, இங்கேதான் உங்களிடம் வருகிறேன். பள்ளி விட்டதும் பிள்ளைகளின் கண் எதிர்ப்புறம் நிற்கும் அம்மா மேல். மோட்டார் சைக்கிள் வருவது ஓரத்தில். விளக்கோடு ஒரு பாதசாரிக் கடப்புக் கேட்டு அதிகாரிகளுக்கு இருமுறை எழுதினோம். நேரில் பார்த்ததாகவும், அங்கே சாலையைக் கடப்பவர்கள் மிகக் குறைவு என்றும் பதில் வந்தது. அவர்கள் வந்து பார்த்தது பள்ளி விடுமுறையில்! கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்.

தலைவர் மணியடித்துவிட்டார், மூன்றாவது செய்தி நிற்கட்டும். மனுத்தாள் தேநீர் மேசையில் இருக்கிறது. டத்தோ அவர்களே, முதல் வரியை உங்களுக்காக விட்டுவைத்திருக்கிறோம்.