பாதை முடிந்த பின் தொடங்கும் முகடு

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இராமநாதபுரம் கடற்கரையில் மலை கிடையாது. தேவிபட்டினத்தில் தொடங்கி மூக்கையூர் வரை நடந்தாலும் பனைமரத்தைவிட உயர்ந்த ஒன்றைக் காண்பது அரிது. இராமேசுவரம் தீவின் மிக உயர்ந்த இடம் என்று வெளியூரார்க்கு நாம் காட்டும் கந்தமாதன பர்வதமும் ஒரு மேடுதான். அப்படிப்பட்ட மண்ணில் பிறந்த நம் பிள்ளைகள், மார்கழியும் தையும் வந்தால் வேன் பேசிக்கொண்டு சிறுமலைக்கும் கொடைக்கானலுக்கும் தேனிக்கும் மலை ஏறப் புறப்படுகிறார்கள். இது நல்ல செய்தி. அவர்களோடு சேர்ந்து நடக்கிறவன் என்ற முறையில்தான் என்னை இன்று பேச அழைத்திருக்கிறார்கள். படிக்கட்டு உள்ள கோயில் மலையைப் பற்றியோ தார்ச்சாலை போகும் சுற்றுலா மலையைப் பற்றியோ நான் பேசப் போவதில்லை. ஒற்றையடிப் பாதையும் முடிந்துவிட்ட இடத்தில் புதரை விலக்கிக்கொண்டு ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகட்டுக்குக் குழுவாகக் கடந்து, அன்று பொழுது சாய்வதற்குள் திரும்பி வருகின்ற கடினமான நடையைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டு மலைகளில் பெரும்பகுதி காப்புக்காடு. 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டமும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அங்கே அனுமதியின்றி நுழைவதைக் குற்றமாக வைத்திருக்கின்றன. 2018 மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நேர்ந்த காட்டுத்தீயில், மலையேற்றத்துக்குச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதே ஆண்டில் மலையேற்றத்துக்கென்றே அரசு தனி விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 மலைவழிகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று வகைப்படுத்தி, இணையத்தில் பதிவு செய்துகொண்டு உள்ளூர் வழிகாட்டியுடன் செல்லும் திட்டம் தொடங்கப்பட்டது. முதல் முறை செல்கிறவர்கள் அந்த 40 வழிகளுக்குள்தான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பாதை விலகிய நடை என்பது, வனச்சரக அலுவலகத்தில் எழுத்து வடிவில் அனுமதி பெற்று, அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த ஒருவரை முன்னால் நிறுத்திக்கொண்ட பிறகு மட்டுமே செய்யத் தக்கது. கைப்பேசியில் வரைபடம் இருப்பதை அனுமதி என்று எண்ணிக்கொள்கிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த உரை பயன்படாது.

இனி நேரக் கணக்குக்கு வருகிறேன். நம் ஊரில் தூரத்தைக் கிலோமீட்டரில் சொன்னால் போதும், ஏனென்றால் தரை தரையாகவே இருக்கிறது. மலையில் கிலோமீட்டர் பெரும் ஏமாற்று. வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892இல் ஓர் எளிய விதி வகுத்தார். இன்றைய அளவையில் சொன்னால், ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதன்மேல் ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். பன்னிரண்டு கிலோமீட்டர் நடையில் 600 மீட்டர் ஏற்றம் இருக்குமானால் ஏறக்குறைய மூன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று இந்த விதி சொல்லும். ஆனால் இது நல்ல பாதைக்கும் பழகிய காலுக்கும் உரிய விதி. அந்தப் பன்னிரண்டில் மூன்று கிலோமீட்டர் மட்டும் புதர் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதரில் ஒரு குழு மணிக்கு ஒரு கிலோமீட்டர் நகர்ந்தால் அதுவே நல்ல வேகம். அந்த மூன்று கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம், மற்ற ஒன்பதுக்கு ஒன்றே முக்கால் மணிக்குச் சற்று மேல், ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் என்று கூட்டினால் ஆறு மணி நேரத்தைத் தொடும். சாப்பாட்டையும் ஓய்வையும் சேர்த்தால் ஏழு. மார்கழியில் காலை ஆறரைக்குத்தான் பொழுது விடிகிறது, மாலை ஆறு மணிக்கெல்லாம் சூரியன் மறைகிறது. நம் நாட்டில் அந்தி நீளாது. சூரியன் விழுந்து அரை மணி நேரத்துக்குள் மரத்தடியில் கையை நீட்டினால் விரல் தெரியாது. ஆகவே எத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவது என்ற நேரத்தை, முந்தின நாள் ஊரில் உட்கார்ந்திருக்கும்போதே முடிவு செய்ய வேண்டும். மலைமீது நின்றுகொண்டு எடுக்கும் முடிவில் ஆசை கலந்துவிடுகிறது.

சிறுமலையை அடுத்த ஒரு முகட்டுக்கு அனுமதியோடு எங்கள் குழு சென்றபோது, பகல் ஒரு மணி என்று அந்த நேரத்தைக் குறித்திருந்தோம். சிறுமலை நீங்கள் அறிந்ததுதான். புவிசார் குறியீடு பெற்ற மலைவாழைப்பழம் விளையும் இடம், குலைகளைக் குதிரையில் ஏற்றி இறக்கும் வழக்கம் உள்ள ஊர். தோட்டங்கள் முடிந்ததும் காடு தொடங்குகிறது. காட்டுக்குள் முதலில் எதிர்ப்படுவது உண்ணிச்செடி. நம் கண்மாய்களைச் சீமைக் கருவேலம் பிடித்திருப்பதுபோல அந்தச் சரிவுகளை அது பிடித்திருக்கிறது. கருவேலத்தில் முள் கண்ணுக்குத் தெரியும், தண்டு தண்டாகத் தனித்து நிற்கும். உண்ணிச்செடியோ கொடியாகப் பின்னி, ஆள் உயரத்துக்கு மெத்தை போட்டுக்கொள்கிறது. தண்டின் நான்கு விளிம்பிலும் பின்னோக்கி வளைந்த சிறு முட்கள் இருப்பதால், முன்னால் நுழையும்போது வழி விட்டுவிட்டுப் பின்வாங்கும்போது சட்டையைப் பிடித்துக்கொள்கிறது. அதற்குள் கையை வீசி மிதித்துக்கொண்டு போகிறவர் பத்து நிமிடத்தில் களைத்துவிடுவார். எங்கள் வழிகாட்டி ஒரு கவைக்கம்பால் கொடியை அடியில் கொடுத்துத் தூக்கி, ஓரமாகத் திருப்பி, அதன் கீழே உடம்பை நுழைத்தார். எங்களோடு வந்த சாயல்குடிக்காரர் ஒருவர் கரிமூட்டத்துக்குக் கருவேலம் வெட்டிப் பழகியவர். சொல்லிக் கொடுக்காமலே அவருக்கும் அந்தக் கை வந்துவிட்டது. படித்தவர்களாகிய நாங்கள்தான் அன்று முழுவதும் கிழிந்த சட்டையோடு நடந்தோம்.

புதருக்குள் இரண்டு பேருக்கு இடையே ஒரு கம்பு நீளமாவது இடைவெளி வேண்டும். முன்னால் போகிறவர் வளைத்துப் பிடித்த கிளையை விட்டால் அது பின்னால் வருகிறவரின் கண்ணுக்கு நேராகத் திரும்புகிறது. விடுவதற்கு முன் குரல் கொடுக்க வேண்டும், பின்னால் இருப்பவர் அதைக் கையால் வாங்கிக்கொள்ள வேண்டும். முகம் மறையும் இடத்தில் குரல்தான் கயிறு என்பதால், கடைசியில் வருகிறவர் அடிக்கடி பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் வழக்கம். முன்னால் நின்று வழி திறக்கும் வேலையைக் கால் மணிக்கு ஒருமுறை மாற்றிக்கொள்வது நல்லது. உண்ணிச்செடி மெத்தைக்கு அடியில் காட்டுப்பன்றிகள் சுரங்கம்போல் வழி போட்டிருக்கும். குனிந்து போனால் எளிதாகத்தான் தோன்றும். ஆனால் எதிரே பன்றி வந்தால் ஒதுங்க இடமில்லை, தவழ்ந்துகொண்டிருக்கும்போது திசையும் தெரியாது. காட்டெருமை நடந்த தடம் அகலமாக, சரிவைக் குறுக்காக அறுத்துக்கொண்டு மட்டமாகப் போகும். அதைத் தேடிப் பிடிக்கலாம் என்று எங்கள் வழிகாட்டி சொன்னார், புதுச் சாணம் கிடந்தால் விட்டுவிட வேண்டும் என்பதையும் சேர்த்து.

முகட்டை அடைந்துவிட்டால் புதர் குறையும். காற்று அடிக்கும் பக்கத்தில் புல்லும் பாறையும்தான் இருக்கும். அங்கே வேறொரு சிக்கல் காத்திருக்கிறது. மேலே ஏறும்போது முகடுகள் எல்லாம் ஒன்றில் வந்து சேர்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு ஏறினாலும் உச்சிக்குத்தான் போவோம். இறங்கும்போது அதே முகடு இரண்டாகப் பிரிகிறது, பிறகு நான்காகப் பிரிகிறது, பிரிகிற இடத்தில் எல்லாமே ஒன்றுபோல் இருக்கின்றன. வழி தவறுவது பெரும்பாலும் இறக்கத்தில்தான். அதனால் ஏறும்போதே ஒவ்வொரு பிரிவிலும் நின்று திரும்பிப் பார்த்து, இறங்கும்போது இந்த இடம் எப்படித் தெரியும் என்பதைக் கண்ணில் வாங்கிக்கொள்ள வேண்டும். இதில் நம் கடற்கரைக்காரர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். கரையில் உள்ள ஒரு கோபுரத்தையும் அதற்குப் பின்னால் ஒரு பனைக்கூட்டத்தையும் ஒரே நேர்கோட்டில் பிடித்து, வலை போட்ட இடத்துக்கு மறுநாள் திரும்பி வருகிற கண் அவர்களுக்கு உண்டு. மலையிலும் அதே வேலைதான்: முன்னால் ஒரு பாறை, அதற்கு நேர் பின்னால் தொலைவில் ஒரு சிகரம், இரண்டும் விலகாமல் இருக்கும்வரை நாம் நேராக நடக்கிறோம்.

திசைகாட்டியை வைத்து நடப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கீழே உள்ள பாதையில் ஒரு குறிப்பிட்ட பாலத்துக்கு இறங்க வேண்டுமானால் பாலத்தையே குறிவைக்காதீர்கள். வேண்டுமென்றே சற்று இடப்பக்கமாகக் குறிவைத்து இறங்குங்கள். பாதையைத் தொட்டதும் பாலம் வலப்பக்கம் இருக்கிறது என்பது ஐயமின்றித் தெரியும். நேராகக் குறிவைத்துத் தவறினால் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நிற்க நேரும். வழி தவறிவிட்டது என்று தெரிந்தால் ஓடையைப் பிடித்து இறங்கலாம் என்ற எண்ணம் எல்லாருக்கும் வரும். நம் மலைகளில் ஓடை அருவியாகவோ செங்குத்துப் பாறையாகவோ முடிகிற வாய்ப்பு அதிகம். பள்ளத்தில் புதரும் அடர்த்தி, கைப்பேசிக் கோபுரத்தின் சமிக்ஞையும் எட்டாது. முகட்டுக்கே திரும்பி ஏறி, அங்கிருந்து அழைப்பதே சரி.

குரங்கணியை முன்பு சொன்னேன். காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும்போது, சரிவு பத்து டிகிரி கூடும்தோறும் அதன் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பில் உள்ள பொதுக் கணக்கு. எரிகின்ற இடத்துக்கு மேலே இருக்கும் மனிதன் ஓடித் தப்ப முடியாது. மாசி தொடங்கிக் கோடை மழை வரும்வரை புல்முகடுகளுக்குப் போகவே கூடாது. அனுமதியும் அப்போது கிடைக்காது. சித்திரை, வைகாசியில் பிற்பகல் இடி மின்னல் வேறு இருக்கிறது. கச்சானா கொண்டலா என்று காற்றின் பெயரைச் சொல்லத் தெரிந்த நம் மீனவர்கள், முகட்டில் நின்று மேகம் எந்தப் பக்கம் திரள்கிறது என்று மற்றவர்களுக்கு முன்னமே சொல்லிவிடுகிறார்கள். அவர்களில் ஒருவரைக் குழுவில் சேர்த்துக்கொள்வது எப்போதும் நல்லது.

பயிற்சியைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். மணலில் நடந்து பழகிய கால் ஏற்றத்துக்கு ஓரளவு தயாராகிவிடும். தனுஷ்கோடி மணலில் ஒரு மணி நேரம் நடந்தால் கெண்டைக்கால் தானே சொல்லும். இறக்கத்துக்கு அது போதாது. இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும், அந்த வேலையைச் சமநிலம் ஒருபோதும் கொடுப்பதில்லை. ஆகவே மாடிப்படியைத் தேடுங்கள். ஏறுவதைவிட இறங்குவதை மெதுவாக, பலமுறை செய்யுங்கள். விடியற்காலையில் பாம்பன் சாலைப் பாலத்தின் ஏற்ற இறக்கத்தில் நடப்பவர்களைப் பார்க்கிறேன், அதுவும் நல்லதுதான். காலணியின் விலையைப் பற்றி இளைஞர்கள் பேசுகிற அளவுக்கு அதன் அளவைப் பற்றிப் பேசுவதில்லை. இறக்கத்தில் கால் முன்னோக்கிச் சரியும், விரல்கள் முனையில் இடிக்கும். கால்நகத்தை வெட்டாமல் வந்தவர் மறுநாள் கறுத்த நகத்தோடு இருப்பார். ஆளுக்கு மூன்று லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், அதில் ஒரு பங்கு உப்பும் எலுமிச்சையும் கலந்தது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறேழு டிகிரி குறையும். நம் ஊர்ப் புழுக்கத்துக்குப் பழகியவர்களுக்கு அது குளிர்ச்சியாகத் தெரிவதால் தாகம் தோன்றாது, ஆனால் வியர்வை நிற்பதில்லை.

அன்று சிறுமலையில் பகல் ஒரு மணிக்கு நாங்கள் இரண்டாம் முகட்டின் அடியில் நின்றோம். உச்சி தெளிவாகத் தெரிந்தது. அரை மணி நேரம் போதும் என்று மண்டபத்துத் தம்பி ஒருவர் வாதாடினார். அவர் கால் வலுவுக்கு அரை மணி நேரம் போதும்தான். குழுவில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார், அவருக்கு அது ஒரு மணி நேரம், இறங்கி வர இன்னொன்று. பாம்பனில் நாட்டுப்படகு ஓட்டுகிற மூத்தவர், தம்பிக்குப் பதில் சொல்லாமல் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். எல்லாரும் திரும்பினோம். காலையில் நாங்களே திறந்த வழி பாதிக்குப் பாதி மூடியிருந்ததால் இறக்கம் எதிர்பார்த்ததைவிட நீண்டது. ஒற்றையடிப் பாதையைத் தொட்டபோது மணி ஐந்தேகால். அந்த உச்சிக்கு இன்னும் நான் போகவில்லை.

கடைசியாக, நடை முடிந்த பிறகு உள்ள இரண்டு வேலைகள். வேனில் ஏறுவதற்கு முன் காலுறையைக் கழற்றிக் கணுக்கால், முழங்கால் மடிப்பு, இடுப்பு ஆகிய இடங்களில் இரத்தம் உறிஞ்சும் உண்ணிப் பூச்சி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் நசுக்காமல் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். இன்னொன்று வேன் ஓட்டுநரைப் பற்றியது. நள்ளிரவில் இராமநாதபுரத்தில் புறப்பட்டு, பகல் முழுவதும் நடந்துவிட்டு, அன்று இரவே அதே வண்டியை நம்மில் ஒருவர் ஓட்டிக்கொண்டு திரும்புவதை நான் அறவே ஒப்புவதில்லை. மலை ஏறாத ஓட்டுநர் ஒருவர் பகலில் படுத்து உறங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் அன்று இரவு திண்டுக்கல்லிலோ மதுரையிலோ தங்கிவிட வேண்டும். ஊரில் ஒருவரிடம் குழுவினரின் பெயர்ப் பட்டியலும் செல்லும் வழியும் வனச்சரக அலுவலகத்தின் எண்ணும் இருக்கட்டும். இரவு எட்டு மணிக்குள் நம்மிடமிருந்து அழைப்பு வராவிட்டால் அவர் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் அந்த அலுவலகத்தையும் 112ஐயும் அழைத்துவிட வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.

நன்றி, வணக்கம்.