கோரைப்பாயில் ஏறிய ஜி.டி. எக்ஸ்பிரஸ்

நடுவர் அய்யா அவர்களுக்கும், இரண்டு அணியினருக்கும், இந்த மார்கழிப் பனியிலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் என் வணக்கம். எனக்குப் பன்னிரண்டு நிமிடம். வணக்கத்தை இதோடு முடித்துக்கொள்கிறேன்.

'குடும்பஸ்தருக்குப் பயணக் கனவு சுகமா, சுமையா?' என்பது தலைப்பு. சுகமே என்று சொல்ல வந்திருக்கிறேன். நாலு செய்தி எழுதி எடுத்து வந்தேன். ஆனால் எதிரணித் தம்பி பேசியதைக் கேட்ட பிறகு அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டேன். முதலில் அவருடைய பாஸ்போர்ட்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

தம்பி என்ன சொன்னார்? அவர் தெருவில் ஒரு பெரியவராம். பாஸ்போர்ட் எடுத்தாராம். எடுத்ததைக் கொண்டுபோய் பீரோவில், மனைவியின் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் வைத்தாராம். பத்து வருஷம் ஓடிவிட்டது. 36 பக்கம், ஒரு பக்கத்திலும் ஒரு நாட்டு முத்திரை விழவில்லை. காலாவதி ஆனதும் 1,500 ரூபாய் கட்டிப் புதுப்பித்து, மறுபடியும் அதே பீரோ, அதே பட்டுப்புடவை. "இதுவா சுகம்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?" என்று கேட்டார். பந்தலே அதிர்ந்தது. நீங்களும் தட்டினீர்கள், நான் பார்த்தேன்.

சரி, இப்போது நான் கேட்கிறேன். இங்கே உட்கார்ந்திருக்கும் அம்மாமார்களே, அக்காமார்களே, உங்கள் பீரோவில் பட்டுப்புடவைக்கு நடுவில் என்ன வைப்பீர்கள்? சொல்லுங்கள். வீட்டுப் பத்திரம்! அப்புறம்? நகை அடகு வைத்த சீட்டு. அதோ, அந்த அம்மா சரியாகச் சொல்கிறார், பிள்ளைக்கு முதல் முடி எடுத்தபோது வைத்திருந்த காசு. கேட்டீர்களா தம்பி? வேண்டாத பொருளை எந்தப் பெண்ணும் பட்டுப்புடவைக்கு நடுவில் வைக்க விடமாட்டாள். இருபது பட்டுக்கு நடுவில் இடம் கொடுத்தாள் என்றால், அந்தக் கனவில் பாதி அவளுடையது என்று அர்த்தம். நீங்கள் பெரியவரைத்தான் பார்த்தீர்கள், பீரோச் சாவி யாருடைய இடுப்பில் இருந்தது என்று பார்க்கவில்லை.

அப்புறம், புதுப்பித்தார் என்றீர்களே, அங்கேதான் உங்கள் வாதம் எங்கள் பக்கம் வந்துவிட்டது. காலாவதியான மாத்திரையைக் குப்பையில் போடுகிறோம். சுமை என்று நினைத்திருந்தால் இதையும் அப்படித்தானே விட்டிருப்பார்? அந்த மனிதர் வேலைக்கு லீவு போட்டு, வரிசையில் நின்று, விரல் ரேகை வைத்து, புதுப் படம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். தலையில் இருக்கும் சுமையை 1,500 ரூபாய் கட்டி இன்னும் பத்து வருஷத்துக்கு யாராவது நீட்டிப்பார்களா?

சுரைக்காய்க்கும் வருகிறேன். ஏட்டில் இருக்கும் சுரைக்காய் கறிக்கு உதவாதுதான். ஆனால் நம் பாட்டிமார் சுரை விதையைச் சாம்பலில் புரட்டி அடுப்படிப் பரணில் வைத்திருப்பார்கள். அதுவும் கறிக்கு உதவாது. அதைப் பார்த்து யாராவது சிரித்தோமா?

முதலில் பேசிய சகோதரி கொச்சி டீக்கடை விஜயன், மோகனா தம்பதியைச் சொன்னார். "அவர்கள் கனவு கண்டுகொண்டு உட்காரவில்லை, கிளம்பினார்கள்" என்றார். எனக்கும் அவர்கள்மேல் பெரிய மரியாதை உண்டு. சின்னக் கடை. தினம் 300 ரூபாய் எடுத்து வைப்பார்கள், போதாததற்குக் கடன் வாங்குவார்கள், போய்விட்டு வந்து டீ ஆற்றியே கடனை அடைப்பார்கள். அப்படியே 25 நாடுகளுக்கு மேல் பார்த்தார்கள். 2021 நவம்பரில் விஜயன் காலமானார். சகோதரி, அவர்கள் வெளிநாட்டில் இருந்த நாள்களைக் கூட்டிப் பாருங்கள், டீ ஆற்றிய நாள்களையும் கூட்டிப் பாருங்கள். ஒரு பயணத்துக்கும் அடுத்த பயணத்துக்கும் நடுவில் வருஷக்கணக்காக அந்த அடுப்பு முன்னால் அவர்களை நிற்க வைத்தது எது? அதற்குப் பெயர்தான் கனவு.

இப்போது என் வீட்டுக்கு வாருங்கள். மதுரை. வருஷம் 1988 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பாவுக்கு ரயில்வே ஸ்டேஷனை ஒட்டிய ஆர்.எம்.எஸ்., அதாவது ரயில்வே தபால் பிரிவு அலுவலகத்தில் வேலை. கடிதங்களைப் பிரிக்கும் ஸார்ட்டர். சுவர் முழுக்கச் சின்னச் சின்னத் தடுப்பு அறைகள். அப்பா கடிதத்தின் முகவரியில் ஒரு பார்வை, கையில் ஒரு வீச்சு, கடிதம் அதன் அறைக்குள் போய்விடும். ராத்திரி முழுக்க ரயில் சத்தம். இந்தியா முழுக்க அவர் கைவழியாகப் போகிறது, அவர் மட்டும் எங்கும் போகவில்லை. போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மத்திய அரசு ஊழியருக்கு எல்.டி.சி. என்று ஒரு விடுமுறைப் பயணச் சலுகை உண்டு. நாலு வருஷத்துக்கு ஒரு முறை இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் குடும்பத்தோடு போகலாம், ரயில் காசு கிடைக்கும். ஆனால் லாட்ஜுக்கும் சாப்பாட்டுக்கும் நாம்தான் பார்க்க வேண்டும். அங்கேதான் ஒவ்வொரு முறையும் கணக்கு உதைத்தது. 1986–89இல் தங்கை பிறந்தாள். 1990–93இல் தாத்தாவுக்குப் பக்கவாதம். 1994–97இல் வீட்டுக்குத் தளம் போட்டோம். 1998–2001இல் எனக்குக் கல்யாணம். இப்படியே ஓய்வு பெற்றுவிட்டார்.

எதிரணி இதைச் சுமை என்று எழுதிக்கொள்வதைப் பார்க்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள், நான் மொட்டை மாடிக்குப் போகிறேன்.

கோடைக்காலத்தில் எல்லாரும் மாடியில்தான் படுப்போம். மூன்று கோரைப்பாய், ஒரு செம்பு தண்ணீர். அப்பா பகல் ஷிப்டு முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்டு, மேலே வந்து பாயை உதறிப் போட்டுவிட்டுக் கேட்பார்: "194101?" நாங்கள் கத்துவோம்: "லே!" "744101?" "போர்ட் பிளேர்!" "734101?" என் தம்பி முந்திக்கொள்வான்: "டார்ஜிலிங்!" எங்களுக்கு வாய்ப்பாடு வருவதற்கு முன்னால் பின்கோடு வந்துவிட்டது. ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் கிடையாது. "56 ஏ.பி.ஓ.?" என்பார். பட்டாளத்துக் கடிதங்களில் ஊர் பெயர் இருக்காது, அந்த எண்தான் இருக்கும். நாங்கள் முழிப்போம். "அது எங்கே இருக்குன்னு எனக்கும் தெரியாதுடா. எங்கேயோ ஒரு பையன் குளிர்ல உக்காந்து அம்மாவுக்கு எழுதுறான்" என்பார். கொஞ்ச நேரம் மாடியில் யாரும் பேசமாட்டோம்.

அப்புறம் வண்டி கிளம்பும். ஜி.டி. எக்ஸ்பிரஸ்! கிராண்ட் ட்ரங்க். அப்பாவுக்கு எந்த வண்டியும் வேண்டாம், அதுதான் வேண்டும். 1929இல் பெஷாவருக்கும் மங்களூருக்கும் நடுவில் ஓட ஆரம்பித்த வண்டி என்று அவ்வளவு பெருமையாகச் சொல்வார். கோரைப்பாய்தான் பெர்த். தண்ணீர்த்தொட்டி மேல் இருக்கும் திண்டு எனக்கு, அது அப்பர் பெர்த். தம்பிக்கு ஜன்னல் ஓரம், அதாவது கைப்பிடிச் சுவர் ஓரம். சாயங்காலம் சென்ட்ரலில் கிளம்பும், கூடூர், நெல்லூர், ஓங்கோல் தாண்டும். நடுராத்திரிக்கு மேல் அப்பா திடீரென்று எழுந்து உட்காருவார். "கிருஷ்ணா பாலம் வருது! எல்லாரும் காசு எடுங்க!"

உங்களுக்குத் தெரியும், ஆற்றைத் தாண்டும்போது காசு போட்டு வேண்டிக்கொள்வது வழக்கம். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு அஞ்சு காசு. அந்தக் காலத்து அலுமினியக் காசு, சதுரமாக, முனை மழுங்கி இருக்கும். மூன்று பேரும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். அப்பா "தடக் தடக் தடக் தடக்" என்று பாலத்துச் சத்தம் கொடுப்பார். தம்பி கைப்பிடிச் சுவர் மேல் ஏறி, காசைக் கீழே சந்துக்குள் போடுவான். டங் என்று ஒரு சத்தம். கிருஷ்ணாவில் விழுந்துவிட்டது! காலையில் எழுந்ததும் முதல் வேலை என்ன தெரியுமா? சந்துக்குள் ஓடிப்போய் அந்தக் காசைத் தேடி எடுத்து வருவோம். ராத்திரிக்கு வேண்டுமே! மறுநாள் ராத்திரி அதே வண்டி, அதே பாலம், அதே காசு. மழை பெய்து சந்தில் தண்ணீர் ஓடிய ஒரு நாள் மட்டும் காசு கிடைக்காமல் மூன்று பேரும் அழுதோம். பக்கத்து வீட்டு ஆச்சி, ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டார். "கிருஷ்ணாவுல போட்ட காசு காணோம்" என்றோம். அந்த ஆச்சி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சாக்கடைக்குள் கையை விட்டு எடுத்துக் கொடுத்தார்.

அது முடிந்ததும் விஜயவாடா, வாரங்கல், பல்லார்ஷா. நாக்பூரில் ஆரஞ்சு. பெதூல் தாண்டினால் மலைக்குள் சுரங்கம், அப்பா போர்வையை எங்கள் தலை மேல் போட்டு மூடுவார், அதுதான் சுரங்கம். இட்டார்சி. நர்மதை. நர்மதை வருவதற்குள் நாங்கள் தூங்கியிருப்போம். டெல்லி வரை ஒரு நாளும் விழித்திருந்ததில்லை.

அம்மா? அம்மா பாத்திரம் கழுவி, நாளைக்கு இட்லிக்கு மாவு வழித்து வைத்துவிட்டுக் கடைசியாக மேலே வருவாள். "கிருஷ்ணாவாவது ஒண்ணாவது, நாலு மணிக்குக் குழாய்ல தண்ணி வரும், தூங்குங்க" என்பாள். முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு திரும்பிப் படுத்துவிடுவாள். எங்கள் வண்டியில் அம்மா ஏறவே இல்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எதிரணியும் இவ்வளவு நேரமாக அதைத்தானே சொல்கிறது? கனவு ஆணுக்கு, சுமை பெண்ணுக்கு என்று?

அய்யா, மணி அடித்துவிட்டீர்கள், தெரிகிறது. இரண்டு நிமிடம் கொடுங்கள். வாதம் எல்லாம் பேசி முடித்துவிட்டேன், இது வாதம் இல்லை.

அப்பா 2016இல் போய்விட்டார். இரண்டு வருஷம் கழித்து, என் சம்பளத்தில், அம்மாவை டெல்லிக்குக் கூட்டிப் போனேன். அதே ஜி.டி. எக்ஸ்பிரஸ். ஏ.சி. பெட்டி எடுக்கிறேன் என்றேன், "ஜன்னல் திறக்கிற பெட்டி எடு" என்றாள். ஸ்லீப்பரில் போனோம். அம்மாவுக்கு அப்போது 68 வயது. அவள் அதுவரை போன தூரம் திருப்பதி.

சென்ட்ரலில் வண்டி கிளம்பியது. இருட்டிவிட்டது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. அம்மா ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு, மெதுவாக, "கூடூர் வரும்" என்றாள். வந்தது. "அடுத்தது நெல்லூர்." நான் செல்போனில் பார்த்தேன், சரிதான். "ஓங்கோல் தாண்டினப்புறம் நீ கொஞ்சம் தூங்கு, நான் எழுப்புறேன்." எனக்குக் கை நடுங்கியது. பாத்திரம் கழுவிவிட்டு வந்து, முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு, இந்த அம்மா ஒரு ராத்திரியும் தூங்கவில்லை. நாங்கள் தூங்கிய பிறகும் நர்மதை வரை, ஆக்ரா வரை, அப்பாவோடு போய்க்கொண்டே இருந்திருக்கிறாள்.

ஒன்றரை மணி இருக்கும். தோளைத் தொட்டு எழுப்பினாள். "கிருஷ்ணா வருது." ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று. தடக் தடக் என்று பாலத்தில் வண்டி ஏறியது. கீழே கறுப்பாகத் தண்ணீர், தூரத்தில் நாலு விளக்கு. அம்மா இடுப்பு முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே என்ன இருந்தது தெரியுமா? அந்த அஞ்சு காசு. அதே காசு. முனை தேய்ந்து, சந்துக் கல்லில் விழுந்து விழுந்து ஒரு பக்கம் நெளிந்துபோன காசு. எத்தனை வருஷமாக எங்கே வைத்திருந்தாளோ, நான் கேட்கவில்லை.

"போடும்மா, பாலம் முடியப்போகுது" என்றேன்.

கையை ஜன்னல் வரைக்கும் கொண்டுபோனாள். அப்புறம் மெதுவாக மூடிக்கொண்டாள்.

"போட்டுட்டா, காலையில யாருடி போய்ப் பொறுக்கிட்டு வர்றது?" என்றாள்.

அந்தக் காசு இப்போது எங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது தம்பி. பட்டுப்புடவைக்கு நடுவில்.

வணக்கம்.