விரல் ரேகையும் சட்டமும்

நேயர்களுக்கு வணக்கம்.

ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களுக்கு இது பழகிய காட்சி. ஒரு பாட்டி கட்டைவிரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு மெஷினில் வைப்பார். ரேகை விழாது. "வேற விரலை வைங்கம்மா" என்பார் கடைக்காரர். பத்து விரலும் ஒரு சுற்று வந்துவிடும். களை பறித்து, பாத்திரம் துலக்கித் தேய்ந்த விரல்கள்.

ஆதாருக்காக இந்த ரேகையைக் கட்டாயமாக வாங்கலாமா என்று கேட்டு 2012-ல் உச்ச நீதிமன்றம் போனவர், ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. அந்தரங்கம் அடிப்படை உரிமையே அல்ல என்று வாதாடியது அரசு. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, உரிமைதான் என்றார்கள். மறு ஆண்டு, 4-க்கு 1 என்ற கணக்கில் ஆதார் செல்லும் என்றாகிவிட்டது. தனியார் கம்பெனிகளுக்கு மட்டும் கதவு சாத்தப்பட்டது. வங்கிக்கும் போன் கம்பெனிக்கும் 2019-ல் அதைத் திரும்பத் திறந்தார்கள், "விருப்பப்பட்டால்" என்ற நிபந்தனையோடு. சிம் கார்டு வாங்கப் போனவருக்குத் தெரியும் அந்த விருப்பத்தின் லட்சணம்!

ஆதார் சட்டத்தின் 29-ஆம் பிரிவு கறாரானது: சேகரித்த கைரேகையையும் கருவிழிப் பதிவையும் எக்காரணம் கொண்டும் யாருக்கும் தரக் கூடாது. சரி, பெட்டகத்தைப் பூட்டியாயிற்று. ஆனால் ரேகை பெட்டகத்தில் மட்டுமா இருக்கிறது? பத்திரப் பதிவில் பத்து வருஷத்துக்கு முன் வைத்த ரேகை? 2022-ல் ஐதராபாத் பக்கம் ஒரு கும்பல் பிடிபட்டது. ஆந்திரப் பதிவுத்துறை இணையதளத்தில் இருந்த பத்திரங்களிலிருந்து ரேகைகளை எடுத்து, அச்சு வார்த்து, அடுத்தவர் கணக்கில் பணம் எடுத்தார்கள் என்றது போலீஸ்.

அப்புறம், ஆபீஸ் வருகைப்பதிவு மெஷின். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 2011 விதிகள் உடல் அடையாளங்களை முக்கியத் தகவல் என்று தனியாகப் பிரித்து வைத்திருந்தன. 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தப் பாகுபாடு இல்லை. உங்கள் போன் நம்பரும் கருவிழியும் ஒரே தட்டில். வேலை சம்பந்தப்பட்டது என்றால் முதலாளி சம்மதம் கேட்காமலே தகவலைக் கையாளவும் 7-ஆம் பிரிவு இடம் தருகிறது. எனக்கு உறுத்துவது இதுதான்.

அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் 2008 முதலே வேறு கதை. தனியார் நிறுவனம் ரேகை எடுக்கும் முன் எழுத்தில் சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். தவறினால் பாதிக்கப்பட்டவரே வழக்குப் போடலாம். கவனக்குறைவுக்கு 1,000 டாலர். ஒரு கேளிக்கைப் பூங்கா 14 வயதுப் பையனின் கட்டைவிரலைப் பதிந்ததற்கு அவன் தாய் வழக்குப் போட்டார். நஷ்டம் எதையும் காட்டத் தேவையில்லை, ரேகையைக் கேட்காமல் எடுத்ததே போதும் என்றது 2019-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம்.

நம் ஊரில் இப்போதைக்குக் கையில் இருப்பது ஒரு சின்னப் பூட்டு. ஆதார் செயலியில் ரேகையைப் பூட்டி வைத்து, தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். பாட்டிக்கு இது தெரிந்திருக்காது. போன் வைத்திருக்கும் பேரன் பேத்திகள் இன்று மாலை பக்கத்தில் உட்கார்ந்து செய்துகொடுங்கள். ரேஷன் வாங்கப் போகிற அன்றைக்குத் திறந்துவிடவும் மறக்காதீர்கள். இல்லையென்றால் திட்டு உங்களுக்குத்தான்.

வணக்கம்.