பத்திரிகை அடிக்கப் போகிறீர்களா? மஞ்சள் டப்பாவையும் எடுத்துக்கொள்ளுங்கள்

வணக்கம் மக்களே. கையில் இருப்பது என் தங்கை கல்யாணப் பத்திரிகை. கேமரா பக்கத்தில் கொண்டுவருகிறேன், மடிப்பைப் பாருங்கள். மெரூன் கலருக்கு நடுவே வெள்ளையாக நூல் நூலாகத் தெரிகிறதே, அது டிசைன் இல்லை, கலர் உதிர்ந்து உள்ளே இருக்கும் பேப்பர் தெரிகிறது. இரண்டு வாரம் உட்கார்ந்து டிசைன் செய்தவன் நான். பேப்பர் எது என்று கடையில் கேட்டபோது மட்டும் "நல்லா கெட்டியா, பளபளன்னு போடுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அவரும் 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டில் (கோட்டிங் பூசிய வழவழ அட்டை), கிளாஸ் லேமினேஷன், அதாவது மேலே ஒட்டும் பளபள பிளாஸ்டிக் படலம், வேண்டாம் என்று நான் சொல்லாததால் அட்டைப் பக்கம் அதையும் சேர்த்து, டிஜிட்டலில் அடித்துக் கொடுத்தார். இந்த ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் பேப்பர் எத்தனை கிராம் என்ற கணக்கு, அவ்வளவுதான். ஏ4 தாள் பதினாறு சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர், ஆக ஜெராக்ஸ் கடையின் 80 ஜிஎஸ்எம் தாள் ஒன்று 5 கிராம், 300 என்றால் கிட்டத்தட்ட 19 கிராம். எடையைத்தான் சொல்கிறது, தடிமனை இல்லை.

சரி, மடிப்பு ஏன் வெடித்தது? பேப்பருக்கு இழை ஓட்டம் உண்டு, அதாவது உள்ளே இருக்கும் நார் பெரும்பாலும் ஒரே பக்கமாக ஓடும். அட்டையை நீளவாக்கில் ஒரு தடவை, அகலவாக்கில் ஒரு தடவை லேசாக வளைத்துப் பாருங்கள், எப்படி வளைத்தால் முரண்டு பிடிக்காமல் வருகிறதோ அப்படித்தான் மடிப்பு அமைய வேண்டும். எனக்கு அடித்தது நேர் எதிர். அதோடு டிஜிட்டலில் டோனர் என்ற கலர் பொடி பேப்பருக்குள் இறங்காது, மேலே ஏடு மாதிரி படிந்திருக்கும், கிரீசிங், அதாவது மடிக்கும் இடத்தில் முதலிலேயே அழுத்திவிடும் கோடு, போடாமல் மடித்தால் வெடிக்கத்தான் செய்யும்.

அதைக்கூட மன்னிக்கலாம். அம்மா நான்கு மூலையிலும் மஞ்சள் தடவ உட்கார்ந்தாரே, அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது. லேமினேஷன் மேல் மஞ்சள் ஒட்டவே இல்லை, முத்து முத்தாகத் திரண்டு வழிந்து, அடுக்கி வைத்ததும் அடுத்த பத்திரிகையின் முதுகில் ஒட்டிக்கொண்டது. பளபள கவர் மேல் ஜெல் பேனாவால் பெயர் எழுதினால், பெரியப்பா பெயர் பாதி என் உள்ளங்கையில்.

கோட்டிங் இல்லாத பேப்பர் மஞ்சளையும் உறிஞ்சும், பேனா மையையும் உறிஞ்சும். ஆனால் அச்சு மையையும் சேர்த்துத்தான் உறிஞ்சும், அதனால் ஸ்கிரீனில் பார்த்த மெரூன் கொஞ்சம் மங்கித்தான் வரும். க்ரீம் கலர் பேப்பர் எடுத்தால் இன்னொன்று: சாதாரண அச்சில் வெள்ளை மை கிடையாது, டிசைனில் வெள்ளையாக விட்ட மல்லிகைப்பூ எல்லாம் க்ரீம் மல்லிகையாகிவிடும்.

வீட்டு இங்க்ஜெட்டில் அடிப்பவர்கள் அச்சகத்து ஆஃப்செட் மெஷினுக்கான ஆர்ட் பேப்பர் பக்கமே போகாதீர்கள், மை காயாமல் இழுவும். இங்க்ஜெட் போட்டோ பேப்பரை லேசர் பிரிண்டரில் விட்டால், உள்ளே இருக்கும் சூட்டில் கோட்டிங் உருகி ரோலரில் ஒட்டும் ஆபத்து உண்டு.

போன மாதம் அக்கா வளைகாப்புக்கு 250 ஜிஎஸ்எம், கோட்டிங் இல்லாத டெக்ஸ்சர் போர்டு எடுத்தேன். மொத்தமும் அடிக்கும் முன்னால் ஒரே ஒரு தாள் அடித்து வாங்கி, கடை வாசலிலேயே மடித்து, பேனாவால் பெயர் எழுதி, பையிலிருந்து மஞ்சள் டப்பாவை எடுத்தேன். கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, குழைக்கத் தண்ணீர் மட்டும் கொடுத்தார்.